இரைச்சல் இல்லாத இசைத்தட்டு

டீக்குச் சர்க்கரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், மிஸ்டர் பிரிச்சர்ட். பிஸ்கட் நமத்துப்போயிருந்தால் மன்னிக்கவும், டப்பா மூடி சரியில்லை.

டெல்டா பிம்மின் அந்த மேடைக் கச்சேரித் தட்டை மறுபடி வெளியிடப் போகிறீர்கள். வந்த காலத்தில் அதை வாங்க நாதியில்லை. இப்போது 'உலகம் கவனிக்கத் தவறிய சிகரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். மேடையிலேயே ஷாக் அடித்துச் செத்தானே, அந்தக் கடைசிப் பாட்டை 'மரணத்தையே மீட்டிய சுரம்' என்கிறீர்கள். எழுதும்போது உங்களுக்கே கூச்சமாக இல்லையா? எப்படி நடந்தது என்று கேட்கிறீர்கள். பதிவு செய்தவன் நான், சொல்கிறேன்.

அறுபத்தெட்டில் இங்கிலாந்தில் தடுக்கி விழுந்தால், அமெரிக்கப் பருத்திக்காட்டுக் கறுப்பர்களின் ப்ளூஸ் பாட்டைப் பாடுகிற ஒருவன் மேல்தான் விழ வேண்டும். இவன் நிஜப் பெயர் ரோலண்ட் பிம், 'டெல்டா' என்பது மிஸிஸிப்பி ஆற்றுப் பக்கத்திலிருந்து கடன் வாங்கி ஒட்டிக்கொண்டது. சர்ரேயில் பல் வைத்தியரின் மகன். பருத்தியை உள்பனியனில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. மேடையேறிவிட்டால் மிஸிஸிப்பியில் முதுகொடியப் பருத்தி பறித்தவன் மாதிரி முனகுவான். எனக்கு உடம்பெல்லாம் கூசும். கிதார் மட்டும் தங்கம். அதற்காகத்தான் போனேன்.

டட்லியில் ஒரு மதுவிடுதியின் மாடி அறையில் கச்சேரி. அவன் ஆம்ப்ளிஃபயரைப் போட்டதுமே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். அதைப் போக்க எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழி, பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றிவிடுவது. கழற்றினேன்.

ஒத்திகையில் பிம் மைக்கை விட்டுத் துள்ளி விலகினான்.

“உதட்டுல சுரீர்னு அடிக்குதுய்யா, ஆலன். எர்த்து இருக்கான்னு பாரு.”

“எல்லாம் இருக்கு. மிஸிஸிப்பி வெயிலயே தாங்குனவனாச்சே நீ, இது தாங்காதா?”

டிரம்ஸ் வாசிக்கும் மாரிஸ் விழுந்து விழுந்து சிரித்தான். பிம் முகம் சிவந்துபோய், கைக்குட்டையை எடுத்து மைக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். புத்திசாலித்தனம்தான். ஆனால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மங்கிவிட்டது. தட்டின் முதல் பக்கம் பூராவும் அப்படித்தான் கெட்டது. நீங்கள் அதைப் 'புகை படிந்த குரல்' என்று புகழ்ந்திருக்கிறீர்கள். கைக்குட்டை, மிஸ்டர் பிரிச்சர்ட்.

இடைவேளையில் எல்லோரும் பீருக்கு இறங்கிப் போனார்கள். நான் கைக்குட்டையை அவிழ்த்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“என் கைக்குட்டைய எவன்டா எடுத்தது?” என்று வந்து தேடினான் பிம்.

“அம்மாகிட்ட கேளு தம்பி, தொவைக்கப் போட்டிருப்பாங்க” என்றது முன்வரிசையில் ஒரு குரல். அறையே சிரித்தது. அந்த ரோஷத்தில் மைக்கோடு உதட்டை ஒட்டிக்கொண்டு பாடினான். நன்றாகவே பாடினான்.

கடைசிப் பாட்டில் கரண்ட் அவனைப் பிடித்துக்கொண்டது. கை கிதாரை விடவில்லை, உதடு மைக்கை விடவில்லை.

“கரண்ட்ட நிறுத்துடா ஆலன், நிறுத்துடா” என்று மாரிஸ் கத்தினான். சுவிட்ச் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நிறுத்தினால் டேப்பும் நின்றுவிடும். இறுகிய விரலடியில் கிதார் எழுப்பிய அப்படியொரு சுரம் அதுவரை என் காதில் விழுந்ததில்லை. மாரிஸின் கத்தல் பதிவாகிவிடக் கூடாதென்று டிரம்ஸ் மைக்கை மட்டும் அடைத்தேன். சுரம் ஓய்ந்ததும் கரண்ட்டை நிறுத்தினேன்.

போலீஸ் வருவதற்குள் எர்த் கம்பியைப் பழையபடி மாட்டிவிட்டேன். பழி விடுதிக்காரர் ஹார்ட்டனின் பழைய வயரிங் மேல் விழுந்தது. விடுதியை மூடிவிட்டுக் குடித்தே போய்ச் சேர்ந்தார். அவர் விற்ற பீரும் மட்டம்தான்.

வருத்தமா என்று கேட்காதீர்கள். பல் வைத்தியர் மகனை ப்ளூஸ் பாடகனாக்கியது நான். எல்லாம் அந்தத் தட்டுக்காகத்தான் செய்தேன். அதைப் போலச் சுத்தமான பதிவு அந்தக் காலத்தில் இன்னொன்று கிடையாது.

ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? முதல் பாட்டிலிருந்து கடைசிவரை அந்த 'ம்ம்ம்' கேட்கிறதா? மெஷின் வைத்து நீக்கப் பார்த்தும் போகவில்லையா? போய் உங்கள் காதை டாக்டரிடம் காட்டுங்கள். நான்தான் கம்பியைக் கழற்றிவிட்டேனே, அப்புறம் இரைச்சல் எப்படி இருக்கும்?