வண்டியைத் தட்டி எழுப்புகிறவள்

டீக்கு நன்றி சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் சூடாக இருந்தது. தம்பி வீட்டில் எனக்கு வருகிற டீ மாடிப்படி ஏறி வருவதற்குள் ஆறிப்போயிருக்கும்.

கேட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். முதலில் ஒன்று. பம்ப் என்றதும் சாலையோரத்தில் நின்று பெட்ரோல் போட்டுக்கொள்கிற இடத்தை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது காருக்குள் இருக்கிற பம்ப். கைக்கு அடக்கமான சாமான், டேங்க்குக்குள் முழுகிக் கிடக்கும். பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளுவது ஒன்றுதான் அதற்கு வேலை. அது படுத்துவிட்டால் டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் வண்டி அசையாது. எங்கள் வண்டி பழையது. அதில் டேங்க் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கினால் ஒரு தகர மூடி, மூடியைக் கழற்றினால் பம்ப். பின்னால் உட்கார்ந்து போகிறவர்களுக்குத் தாங்கள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரியாது. தெரியாதவரைக்கும் நிம்மதி.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் என் காலத்தை ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் ஓட்டியவள் நான். மெக்கானிக்குகள் பாதிப் பேர் சாமானின் பெயரே தெரியாமல் வருவார்கள். 'அது இருக்குல்லக்கா, அதுக்குப் பக்கத்துல இருக்குமே, அது' என்பார்கள். நான் எடுத்து வைப்பேன். முதலாளி கடையை மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போனபோது, தம்பி வந்து, "வாக்கா, நம்ம வீட்டுலயே இரு" என்று கூட்டிவந்து மாடி அறையைக் கொடுத்தான். தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அடுத்தவர் கண்ணையெல்லாம் சோதித்தவன், வீட்டில் நடப்பது மட்டும் அவன் கண்ணில் படாது. அவனைக் குறை சொல்லவில்லை. என் கையில் வளர்ந்தவன், நல்ல பிள்ளை.

அவன் பெண்டாட்டியும் கெட்டவள் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. என்னோடு பேச மாட்டாள், அவ்வளவுதான். சண்டையெல்லாம் கிடையாது. சண்டை என்றால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே தம்பியிடம், "உங்க அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளுங்க" என்பாள். தம்பி இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வாள். "மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில கிடக்கிற துணியெல்லாம் நனையப் போகுது." நானும் சுவரிடமே, "எடுத்தாச்சு" என்பேன். அந்த வீட்டில் அதிகம் பேச்சுக் கேட்டது அந்த ஹால் சுவர்தான். பாவம், அதுவும் பதில் பேசாது.

இப்படி இருக்கும்போதுதான் பம்ப் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

காரை ஓட்டுகிறவள் அவள்தான். அலுவலகம் ஊரின் அந்தக் கோடியில். தம்பி கடைக்கு நடந்தே போய்விடுவான். ஒருநாள் காலை நான் ஜன்னலோரம் நின்று தலை சீவிக்கொண்டிருக்கிறேன், கீழே போர்டிகோவில் அவள் சாவியைத் திருப்புகிறாள், திருப்புகிறாள், வண்டி இருமுகிறதே தவிரக் கிளம்பவில்லை. சாவியைப் பாதி திருப்பியதுமே பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்க வேண்டும், அதுதான் பம்ப் ஓடுகிற சத்தம். கேட்கவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கீழே போய்த் தம்பியிடம், "பம்ப்புடா. அடியில ஒரு தட்டு தட்டினா எழுந்துக்கும்" என்றேன். ஒரு மரக்கட்டையின் நுனியில் அவனுடைய பழைய சாக்ஸைச் சுற்றி, வண்டிக்கு அடியில் படுத்து, டேங்க்கில் சரியான இடம் பார்த்து ஒன்று வைத்தேன். முனகியது. வண்டி கிளம்பிவிட்டது. உள்ளே மோட்டார் தேய்ந்து அப்படியே நின்றுபோயிருக்கும், ஒரு அதிர்ச்சி கொடுத்தால் மறுபடி சுற்றும். தூங்குமூஞ்சியின் முதுகில் ஒன்று வைக்கிற மாதிரி.

அடுத்த நாள் தம்பி சீக்கிரமே கடைக்குப் போய்விட்டான். வண்டி மறுபடி படுத்துக்கொண்டது. அவள் கீழே நின்று, "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதே" என்றாள், காரிடம். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. காரிடம் சொன்னால் கார் பார்த்துக்கொள்ளட்டும். அவளே ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு குனிந்து தட்டிப் பார்த்தாள். சைலன்சரைத் தட்டினாள் சார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மணியைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், கடைசியில் தலையைத் தூக்கி என் ஜன்னலைப் பார்த்தாள்.

"அண்ணி, கொஞ்சம் கீழ வர்றீங்களா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. செருப்புப் போடக்கூட மறந்து இறங்கிப் போனேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எனக்கு ஒரு அழைப்பு. அண்ணி வாங்க, அண்ணி பார்த்து, அண்ணி முதுகுல அழுக்கு. வண்டிக்கு அடியில் நான் படுப்பதற்குப் பாய் கொண்டுவந்து விரித்தாள். ஒருநாள் போனில் யாரிடமோ, "எங்க அண்ணி இருக்காங்களே, அவங்களுக்குக் கார்னா அத்துப்படி" என்று பெருமையடித்ததை மாடிப்படியில் நின்று கேட்டேன். எங்க அண்ணியாம். அன்றைக்கு இரண்டு கவளம் கூடவே இறங்கியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்வதற்குத்தானே வந்திருக்கிறேன்: என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இதில் மண்ணை வாரிப் போட்டவன் என் தம்பி. அதுவும் பாசத்தில். என் முதுகில் கிரீஸ் கறையைப் பார்த்துவிட்டு அவன் கண் கலங்கிவிட்டது. "இந்த வயசுல தரையில உருண்டுக்கிட்டு, உனக்கு எதுக்குக்கா இந்தத் தலையெழுத்து?" என்றான். எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே. மறுநாளே மெக்கானிக்கைக் கூட்டிவந்து புதுப் பம்ப் மாட்டச் சொல்லிவிட்டான்.

மெக்கானிக் போர்டிகோவிலேயே வேலையை முடித்தான். நான் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர் வளையத்தைப் பழசையே போடப் பார்த்தான். "அதையும் மாத்துப்பா, பெட்ரோல் கசியும்" என்றேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும்போதும் வேலை சுத்தமாக நடக்க வேண்டும் எனக்கு. "இனிமே நீங்க மறந்தே போயிடலாம்மா" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனான். கழற்றிய பழைய பம்ப்பைப் புதுசு வந்த அட்டைப் பெட்டியிலேயே போட்டுக் குப்பைக்கூடை பக்கம் வைத்திருந்தான். அதை எடுத்து என் அறைக்குக் கொண்டுபோனேன். அப்போது எந்தத் திட்டமும் இல்லை. பழகிய சாமான், எறிய மனசு வரவில்லை.

மறுநாள் காலை தலை சீவி, கட்டையையும் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். சாவியைத் திருப்பினாள். கிளம்பிவிட்டாள். தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் தம்பியிடம், "உங்க அக்கா ஹால் லைட்டை அணைக்காம போயிட்டாங்க போல" என்றாள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் யாரோ சிநேகிதர் காரில் வெளியே போனார்கள். நான் அடுப்பை அணைத்து, கேஸையும் மூடி, போர்டிகோவின் கேட்டை நன்றாகத் திறந்து வைத்தேன். பெட்ரோலோடு விளையாடும்போது பொறுப்பு வேண்டும். பின் சீட்டைத் தூக்கி மூடியைக் கழற்றினேன். இன்ஜினை ஓடவிட்டு, பம்ப்புக்குப் போகிற ஒயரை உருவினால் குழாயில் இருக்கிற பெட்ரோலைக் குடித்துவிட்டுத் தானாக அணைந்துவிடும். அப்புறம்தான் குழாயில் கைவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூஞ்சியில் பீய்ச்சும். புதுசை எடுத்தேன், பழசை வைத்தேன். ரப்பர் வளையம் பிசகாமல் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அந்த மெக்கானிக்கைவிட நான் நன்றாக மாட்டினேன், வேண்டுமானால் அவனையே கேளுங்கள். புதுப் பம்ப்பைத் துண்டில் சுற்றி என் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். நீங்கள் எடுத்தது அதுதான். சாயங்காலம் அவள் வந்து மூக்கை உறிஞ்சி, "என்னமோ பெட்ரோல் வாடை அடிக்குது" என்றாள் சுவரிடம். சுவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இதில் யாருக்கு என்ன கெடுதல், சொல்லுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பம்ப், ஒரு தட்டுத் தட்டினால் போகிற கோளாறு. தட்டுவதற்கு ஆள் வீட்டிலேயே இருக்கிறது.

ஆனால் அந்தச் சனியன் பிடித்த பம்ப், திங்கட்கிழமை ஒழுங்காக ஓடியது. செவ்வாயும் ஓடியது. அந்த வாரம் முழுக்கப் புது மாப்பிள்ளை மாதிரி மிடுக்காக ஓடியது. நான் தினமும் தலை சீவிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒழுங்காகக் கெட்டுப்போகக்கூடத் தெரியாத சாமான் ஒரு சாமானா?

அது கெட்டுப்போன நாளைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

அவளுக்கு விடுமுறை. தம்பி பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன், சாப்பிடாமல் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "வாயுதான், சரியாயிடும்" என்றான். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. அவள் கெட்டிக்காரி, உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வர நேரமாகும் என்றார்கள். ஆஸ்பத்திரி பக்கம்தான், காரிலேயே போய்விடலாம் என்று அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுபோய்ப் பின் சீட்டில் சாய்த்தாள். நான் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் போர்டிகோ முழுக்கத் தெரியும்.

சாவியைத் திருப்பினாள். முனகல் இல்லை.

அவளுக்குப் பம்ப் என்று தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும், புதுசு மாட்டியாயிற்றே. பேட்டரி என்று நினைத்து முன்னால் போய்ப் பானெட்டைத் திறந்தாள். எதையெதையோ அசைத்தாள். பின்னால் இருக்கிற நோவுக்கு முன்னால் வைத்தியம். மெக்கானிக்குக்குப் போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள், ஆள் இல்லை. தெருவில் ஓடி வண்டிகளைக் கைகாட்டினாள். கடவுளைக்கூடக் கூப்பிட்டாள் சார், வாய்விட்டு. என்னைக் கூப்பிடவில்லை. அவள் சாவியை எடுத்ததுமே நான் எடுத்துக்கொண்ட கட்டை என் கையிலேயே இருந்தது.

நான் போய்த் தட்டியிருக்கலாமே என்கிறீர்கள். தட்டியிருந்தால் புதுப் பம்ப்புக்கு எதற்குத் தட்டல் என்று கேள்வி வந்திருக்கும். அதுவும் ஒரு காரணம், மறைக்கவில்லை. ஆனால் அது பெரிய காரணம் இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

கடைசியில் தண்ணீர் கேன் போடுகிற வேன் ஒன்று நின்றது. அவனை அதில் ஏற்றிக்கொண்டு போனாள். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

வேன் போனதும் நான் இறங்கி வந்தேன். சாவி வண்டியிலேயே தொங்கியது. பாதி திருப்பி வைத்துவிட்டு, பின்னால் போய்ப் படுத்து ஒரு தட்டுத் தட்டினேன். ஒரே தட்டு. முனகியது. முன்னால் போய்ச் சாவியை முழுக்கத் திருப்பினேன், கிளம்பிவிட்டது. அணைக்க மனசு வரவில்லை. அவள் திரும்பி வந்து பார்த்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை வைத்துத்தான் நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்திருக்கிறீர்கள்.

எல்லாம் சரியாகத்தான் எழுதியிருப்பீர்கள். கையெழுத்துப் போடுகிறேன். முதலில் உங்கள் ஆள் கேட்டபோது 'யாரும் என்னைக் கூப்பிடவில்லை' என்று சொன்னேன். அந்த ஒரு வரியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள், பொய் சொல்லிப் பழக்கமில்லை. தம்பி கூப்பிட்டான். கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது, என்னைப் பார்த்துத்தான், "அக்கா" என்றான். அப்புறம் இன்னொரு தடவையும் சொன்னான். நன்றாகவே காதில் விழுந்தது. ஆனால் அவன் பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறவன், அவன் கூப்பிட்டு நான் போவதில் என்ன இருக்கிறது? அவள் கூப்பிடட்டும் என்றுதான் நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம் அவன் தாக்குப்பிடித்திருந்தால் கூப்பிட்டிருப்பாள் சார்.