மைமூனாவுக்காக நான் சுமந்த தண்ணீர்

“என்னைப் பாத்ததும் செவக்குது பாரு, கலீம்.”

“நாப்பது வருஷமா நானுந்தான் செவக்கிறேன். நோட்டுல எழுதினியா?”

“நீ செவந்தா அது ரத்தக் கொதிப்பு. மாத்திரையப் போடு.”

எங்கள் வீட்டுக் கூடத்தில், ஆக்டோபஸ் இருந்த கண்ணாடித் தொட்டி முன்னால், என் மனைவி மைமூனாவும் நானும் பேசிக்கொண்டது இது. சிரித்துக்கொண்டுதான் பேசினோம். அவள் மட்டும் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சினாஸோ, ஆராய்ச்சி செய்கிற நீங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த ஆக்டோபஸைக் கொண்டுவந்து, அதன் நடத்தையைக் கவனித்து எழுதித் தர முடியுமா என்று அவளைக் கேட்டபோது நானும் சந்தோஷப்பட்டேன். எங்கள் கால்க் பே துறைமுகத்து மீனவர்களுக்கு அது வெறும் கடல்பூனை. துண்டு போட்டுத் தூண்டிலில் மாட்டுகிற இரை. அதன் எதிரே நாள் முழுக்க ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவள் எழுதிய நோட்டு முழுவதையும் படித்திருக்கிறேன். ‘காலை ஏழு மணி. நண்டைத் தொடவில்லை. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது.’ அன்று காலை நானும் சாப்பிடவில்லை. என் ரொட்டியை மதியம் அவளே குப்பையில் போட்டாள், ஒன்றும் கேட்காமல்.

நீருக்குள் மணிக்கட்டை விட்டால் அதன் கை ஒன்று மெல்ல வந்து சுற்றிக்கொள்ளும். தோலை இடம் இடமாகச் சுவைத்துப் பார்க்கும். மைமூனா கண்ணை மூடிக்கொள்வாள். அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. ஒருவேளை பார்த்திருக்கலாம். வருஷத்தில் எட்டு மாதம் கடலில் கிடந்தவனுக்கு நினைவில்லை. நான் கிட்டே போனால் மட்டும் அது என் சட்டையில் தண்ணீரைப் பீய்ச்சும். “உன்னைப் பிடிக்கலையாம்,” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அதையும் எழுதினாள், மணி பார்த்து.

வாரா வாரம் தொட்டிக்குப் புதுக் கடல்நீர் மாற்ற வேண்டும். அது என் வேலை. துறைமுகத்தைத் தாண்டிப் பாறை முனைவரை போய், நாலு கேன் மொண்டு வருவேன். “நீ கொண்டுவர்ற தண்ணியாலதான் அது உயிரோட இருக்கு,” என்று ஒருநாள் சொன்னாள். ஓய்வுபெற்று வந்தபின் அவள் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அதை வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்று நீங்கள் தொட்டித் தண்ணீரைச் சோதித்துவிட்டு, எங்கே மொண்டேன் என்று கேட்கிறீர்கள். படகுகளை இழுத்து ஏற்றிச் சுரண்டுகிற சரிவில். அடிப்பலகையில் சிப்பி ஒட்டாமல் இருக்கப் பூசும் சிவப்புச் சாயத்தில் செம்பு உண்டு. அந்த இடத்தில் நத்தைகூட நிற்காது என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் வாரம் ஒரு கேன் அங்கே மொண்டேன். அடுத்த வாரம் இரண்டு. அவசரப்படவில்லை. அது வெளுத்தது. கைகளின் நுனி சுருண்டது. மைமூனா நண்டுச் சதையைப் பிய்த்து ஊட்டிப் பார்த்தாள். பதினேழாம் நாள் போய்விட்டது.

“நான் என்ன பண்ணினேன், கலீம்?” என்றாள்.

இதே கேள்வியை அவள் முன்பும் கேட்டிருக்கிறாளாம், எங்கள் முதல் பிள்ளை நாற்பது நாளில் தொட்டிலிலேயே இறந்தபோது. நான் அப்போது ஸ்நூக் மீனைத் தேடி வடக்கே போயிருந்தேன். திரும்பி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவள் அழுதும் முடித்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் மடியில் போட்டுத் தேற்றினார்களாம். அந்த அழுகை எனக்குச் சேர வேண்டியது. இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்த முறை நான் வீட்டில் இருந்தேன்.

“உன் கையில சோப்பு இருந்திருக்கும்,” என்றேன். இதமாகத்தான் சொன்னேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் சூப் வைத்துக் கொடுத்தேன், குடித்தாள். ராத்திரி என் கையைப் பிடித்தபடி தூங்கினாள். ஐந்து நாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஐந்து நாள் இருந்ததில்லை.

ஆறாம் நாளிலிருந்து சமையலறைக் குழாயடியில் நிற்கிறாள். கை கழுவிக்கொண்டே இருக்கிறாள். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்துவிட்டது. பிள்ளையைக் குளிப்பாட்டியதும் இந்தக் கைதானே என்று நேற்று என்னைக் கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அழுவாள் என்று காத்திருந்தேன்.

“அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்கப்பா. இல்லன்னா நான் சொல்வேன்,” என்கிறீர்கள், எங்களை அப்பா அம்மா என்றே கூப்பிட்டுப் பழகிய நீங்கள். நியாயம்தான். இதோ, நம் பேச்சுச் சத்தம் கேட்டு அவளே வாசற்படியில் வந்து நிற்கிறாள், ஈரக் கையோடு. வேறு எங்கும் பார்க்காமல் என் முகத்தையே பார்க்கிறாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன்.

“மைமூனா, கொஞ்ச நேரம் என் பக்கத்துல வந்து உக்காரேன்.”