நடுவிடத்தைக் கணவருக்குத் தந்தவர்

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மன்றத் தலைவர் கோவிந்தராஜன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஹடப்சரிலிருந்தும் கராடியிலிருந்தும் வேலைநாள் என்றும் பாராமல் வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் கிருஷ்ணஸ்வாமி ஐயா அவர்களே, அவர் மகள் ராஜி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். நான் பேசுவதை நம் மராட்டி நண்பர்களுக்கு ஷ்யாம் பிறகு இந்தியில் சொல்வார்.

வங்கி அதிகாரி, நம் மகர்பட்டா ஸ்குவாஷ் குழுவின் தலைவி, அம்மையார் மங்கையர்க்கரசி சென்ற மாதம் மாரடைப்பால் நம்மை விட்டுப் பிரிந்தார். தொண்ணூறுகளின் நடுவில் கோவையிலிருந்து மாற்றலாகிப் புனே வந்தவர். நாற்பதை நெருங்கும் வயதில் ஸ்குவாஷ் மட்டையைக் கையில் எடுத்தவர். அவருடன் ஆடிய பார்கவி என்ற முறையில் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆடாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்குவாஷில் நடுவே வலை கிடையாது. நான்கு சுவர்களுக்குள் இருவரும் ஒன்றாகவே நின்று, பந்தை முன்சுவரில் மாறி மாறி அடிக்கிறோம். நடுவிடத்தைப் பிடித்தவருக்கு எல்லா மூலையும் எட்டும். மூலைக்குத் துரத்தப்பட்டவர் ஓடி ஓடியே களைத்துப் போவார். எதிராளியை மூலைக்கு அனுப்பு, நீ நடுவுக்குத் திரும்பு. ஆட்டமே இவ்வளவுதான்.

இதில் அம்மையாரை மிஞ்ச இங்கே யார் இருந்தார்கள்? பின்மூலைக்கு உயரமாக ஒரு பந்தைத் தூக்கிப் போடுவார். நாம் மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் நிதானமாக நடந்து நடுவில் வந்து நிற்பார். மகளிர் கோப்பை ஆண்டுதோறும் அவர் வீட்டுக்கே போனது.

2004-இல் அவர் கணவர் கிருஷ்ணஸ்வாமி ஐயாவைப் பக்கவாதம் தாக்கியது. இடது காலும் இடது கையும் தளர்ந்தன. எழுந்து நடமாடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகும் ஐயா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. யாரையும் பார்க்க விரும்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மையார் அவரை ஆட்டோவில் நம் ஆடுகளத்துக்கு அழைத்து வந்தார். ஸ்குவாஷ் பந்து சூடானால்தான் துள்ளும். தனியாக அடித்து அதைச் சூடேற்றிவிட்டு, ஐயாவை நடுவில் நிறுத்தினார். தாம் மூலைக்குப் போனார். ஐயா அடித்த பந்து எங்கே போனாலும் ஓடினார். ஓடிப்போய் எடுத்து, ஐயாவின் வலக்கைக்கு எட்டும் இடத்துக்கே திருப்பி அனுப்பினார். ஆட வந்த நாள் முதல் யாருக்கும் விட்டுக்கொடுக்காத நடுவிடம் அது. அதை ஒருவர் கைக்கு ஊட்டிவிடுவது எவ்வளவு கடினம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

வாரம் தவறாமல் இது நடந்தது. அதற்கு அவர் விலையும் கொடுத்தார். அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியில் அவரை எதிர்த்து ஆடியவள் நான்தான். நெருக்கடியான நேரங்களில் எல்லாம் அவர் கை பழக்கத்தில் பந்தை நடுவுக்கே அனுப்பியது. நான் நடுவில் நின்றேன், அவர் ஓடினார். கோப்பை எனக்கு வந்தது.

வெற்றி பெற்ற எனக்கு மனம் ஆறவில்லை. கொஞ்ச நாள் ஐயாவோடு ஆடுவதை நிறுத்தினால் பழைய ஆட்டம் திரும்பிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கப்பு அலமாரியில நின்னுக்கும் பார்கவி. அவரு நிக்கோணும்ல?"

ஐயா நின்றார். அடுத்த குளிர்காலத்தில் கைத்தடியை விட்டார். ஒருநாள் அம்மையார் அடித்த பந்து தவறி முன்சுவருக்குப் பக்கத்தில் விழ, ஐயா தாமே எட்டு வைத்துப் போய் அதை எடுத்தார். திரும்பி வந்த பந்தை அம்மையாரால் எடுக்க முடியவில்லை. தோற்ற புள்ளிக்கு அப்படிச் சிரித்த ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதன் பிறகு அந்தக் கோப்பையை அம்மையார் மீண்டும் வெல்லவே இல்லை. வருத்தப்பட்டதாகவும் எனக்கு நினைவில்லை.

நண்பர்களே, அவர் நின்ற மூலையை வெறுமையாக விடலாமா? ஞாயிறு காலை நேரத்தை, நோயிலிருந்து மீண்டு வருபவர்களுக்காக ஒதுக்க மன்றம் இசைந்திருக்கிறது. குழுவில் இருக்கும் நாங்கள் முறை வைத்துக்கொண்டு அவர்களோடு ஆடுவோம். அம்மையாரின் பெயரால் இதை இங்கே உறுதி கூறுகிறோம்.

முதலில் ஐயாதான் வர வேண்டும் என்று நேற்று அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். ஐயா சொன்னார்: "வர்றேம்மா. ஆனா அவ மாதிரி நடுவுக்கே போடாதீங்க. மூலைக்கு அடிங்க. நான் போய் எடுத்துப் பாக்கறேன்."

அப்படியே அடிக்கிறோம், ஐயா. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.