பஸ்ஸுக்குள்ள ஒரு பிரபஞ்சம்

...நிக்கவே இல்ல பாத்தீங்களா! கைய காட்டுறேன், பைய ஆட்டுறேன், பாதி ரோடு வரைக்கும் எறங்கி நிக்கிறேன், அந்த டிரைவரு என்னை ஏதோ விளம்பரப் பலகையப் பாக்குற மாதிரி பாத்துட்டுப் போறாரு! படியில எத்தன பேரு தொங்குறாங்க! என்ன பஸ்ஸு இது? ஏங்க்கா, நீங்களும் இதுக்குத்தான நின்னீங்க? அப்புறம் கையக் கூட காட்டல? ...பழகிடுச்சா? நல்லா பழகுனீங்க போங்க.

நான் பன்னண்டு மணிக்குள்ள காலேஜுல இருக்கணும்க்கா. ப்ராஜெக்ட்ல ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து! இன்னிக்குத்தான் கடைசி. அது இல்லேன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்க, ஒரு வருஷம் அம்போ. அத போட வேண்டிய மகாராசன் எங்க ஸ்டாடிஸ்டிக்ஸ் சாரு. நாங்க கனைப்புன்னு பேரு வச்சிருக்கோம். வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி கனைப்பாரு பாருங்க... க்ம், க்ம், க்ம்னு, பழைய மோட்டாரு ஸ்டார்ட் ஆகுற மாதிரி. இவ்ளோ முக்கி முனகி கடைசில வர்றது என்னமோ ஒரு வார்த்தைதான். நான் உயிரக் குடுத்து எழுதின ப்ராஜெக்ட்ட, போன வாரம் ரெண்டு வெரலால அப்பிடியே ஓரமா தள்ளி வச்சிட்டு, க்ம்... க்ம்... "உன்னோட யூனிவர்ஸ் எது?"ங்கிறாரு.

யூனிவர்ஸாம்! நான் என்ன ராக்கெட்டா விடுறேன்? "இதோ இதுதான் சார், நீங்களும் நானும் இருக்கமே, இந்த யூனிவர்ஸ்தான்"னேன். சிரிக்கணும்ல மனுஷன்? அதெல்லாம் அந்த மூஞ்சிக்கு வராது. "தெரிஞ்சுகிட்டு வா, கையெழுத்து போடுறேன்"னு கதவப் பாத்து கைய நீட்டிட்டாரு.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. அன்னிக்கே கெளம்பிட்டேன், ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டா. மொதல்ல பிசிக்ஸ். அங்க ஒருத்தரு, பாக்கெட் நெறைய பேனா, ஒண்ணுகூட எழுதாது. "பிரபஞ்சம்னா எல்லாமே"ன்னாரு. அப்பாடா, ஒரு ஆளாவது ஒழுங்கா பேசுறாரேன்னு எந்திரிக்கப் போனேன். "இரும்மா, நமக்குத் தெரியற பிரபஞ்சம் வேற. அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறதோட வெளிச்சம் நம்மகிட்ட இன்னும் வந்து சேரல. அங்க என்ன இருக்கு, எவ்ளோ இருக்குன்னு சொல்ல முடியாது"ன்னாரு. அப்ப எந்த தைரியத்துல சார் எல்லாமேன்னு சொன்னீங்கன்னு கேட்டேன். டீ குடிக்கப் போயிட்டாரு.

மேத்ஸ் மேடம் இன்னும் மோசம். போர்டுல ஒரு கட்டத்தப் போட்டாங்க. "இதுதான் அனைத்துக் கணம், யூனிவர்சல் செட். நாம பேசப் போறது மொத்தமும் இதுக்குள்ள." சரி மேடம், கட்டத்துக்கு வெளிய? "அதப் பத்தி நாம பேசல." ஏன் பேசல? "பேச வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்ல?" அவ்ளோதான், சாக்பீஸக் கீழ வச்சுட்டு கையத் தட்டிக்கிட்டாங்க! அனைத்துன்னு பேரு வச்சிட்டு, வேணாங்கிறத எல்லாம் வெளிய தள்ளுறது! எங்க ஹவுஸ் ஓனருகூட இவ்ளோ நேக்கா தள்ளலக்கா.

பிலாசபி படிக்கிறவன் ஒருத்தன் இருக்கான், தாடிக்காரன். கேன்டீன்ல புடிச்சேன். "நீ பாக்குறதாலதான் பிரபஞ்சமே இருக்கு. நீ பாக்கலேன்னா அது இல்ல"ன்னு சொல்லிட்டு, பெரிய ஞானி மாதிரி கண்ண மூடிக்கிட்டான். நான் அவன் காபிய எடுத்து குடிச்சிட்டேன். கண்ணத் தொறந்து காட்டுக் கத்து கத்துறான். ஏன்டா கத்துற, நீதான் பாக்கலியே, அப்ப காபியே இல்லன்னேன். இப்ப என்கூட பேசுறதில்ல. நிம்மதி.

வீட்டுக்கு வந்தா தம்பி. சினிமாப் பைத்தியம். "அக்கா, அந்த யூனிவர்ஸ்லதான் அவன் செத்துட்டான், இந்த யூனிவர்ஸ்ல உயிரோட இருக்கான்"னு ஒரே விளக்கம். கதை தீந்து போச்சுன்னா ஒரு யூனிவர்ஸ், ஹீரோவுக்கு வயசாயிடுச்சுன்னா இன்னொரு யூனிவர்ஸ்! இவன் போதாதுன்னு அத்தை வேற, டிவிய விட்டு கண்ண எடுக்காம, "பிரபஞ்ச அழகின்னு கிரீடம் வைப்பாங்களே, அதுவாடி?"ங்கிறாங்க. அதேதான் அத்தை! செவ்வாய் கிரகத்துலேர்ந்து ஒருத்திகூட வரல, ஆனா பிரபஞ்ச அழகி! வந்தவங்களுக்குள்ள ஒருத்தியப் புடிச்சு, வராதவளுக்கும் சேத்து முடிவு பண்ணிட்டாங்க. என்ன ஒரு அக்கிரமம்!

சிரிக்காதீங்கக்கா, நான் வயித்தெரிச்சல்ல பேசுறேன். இன்னிக்குப் போயி நேராவே கேக்கப் போறேன், இத்தன யூனிவர்ஸ்ல எது சார் உங்களுக்கு வேணும், பொட்டலம் கட்டித் தர்றேன்னு!

என்ன ப்ராஜெக்ட்டா? இத்தன பேருல நீங்கதான் உருப்படியா ஒண்ணு கேட்டிருக்கீங்க. இந்த பஸ்ஸப் பத்தித்தான்க்கா! இதே பஸ்ஸு, இதே ரூட்டு. "இந்த வழித்தடத்தில் பேருந்து வசதி போதுமானதா?" தலைப்பு எப்பிடி இருக்கு? தெனமும் காலையில பேப்பரும் கையுமா ஒருத்தர் விடாம கேட்டேன். முக்காவாசிக்கு மேல போதும்னுட்டாங்க. ஒரு பெரியவரு "ரொம்ப வசதியா இருக்கும்மா"ன்னு ஆசீர்வாதமே பண்ணாரு. போன மாசமே பஸ் ஆபீஸ்ல மேனேஜரு அத வாங்கிப் படிச்சிட்டு, எந்திரிச்சு நின்னு கை குடுத்தாருக்கா! அவருக்கு அருமை தெரியுது. கனைப்புக்குத் தெரியல.

ரெண்டாவது பஸ்ஸா? எந்த ரெண்டாவது... ஓ, இது பின்னாடியே காலியா ஒண்ணு வருமே, அதுவா? ஆமா, நிறுத்திட்டாங்க. ஏன்... நீங்க அதுலதான் போவீங்களா?

ஐயோ, நான் எப்பிடிக்கா நிறுத்துவேன்? மேனேஜருதான் நிறுத்தினாரு. ரிப்போர்ட்ட வச்சுத்தான்... ஜனங்களே ஒண்ணு போதும்னு சொல்றாங்களேன்னு...

எங்க வச்சு கேட்டேனா? பஸ்ஸுக்குள்ளதான்! பஸ்ஸப் பத்தி பின்ன காய்கறிக் கடையிலயா போயி கேப்பாங்க? அப்ப எங்க வீடு மொத ஸ்டாப்பு. ஜன்னலோர சீட்டு. உக்காந்தா காலேஜு வாசல்லதான் எந்திரிப்பேன். ஹவுஸ் ஓனரு காலி பண்ணச் சொல்லி, முந்தாநாளுதான் இந்தப் பக்கம் குடி வந்தோம். இங்க நிக்கிறது இன்னிக்குத்தான் மொத தடவ.

இந்த ஸ்டாப்புலயா? இங்க... இங்க எப்பிடிக்கா கேக்க முடியும்? ஓடுற பஸ்ஸுலேர்ந்து குதிச்சா கேப்பாங்க? அது இங்க நின்னாத்தான...

...ஆமா. அப்பவும் நிக்காது. ஜன்னல் வழியா பாப்பேன். நாலஞ்சு பேரு நிப்பாங்க. அதுல நீங்களும் இருந்திருப்பீங்க.

அப்பிடிப் பாக்காதீங்கக்கா! அந்தக் கனைப்பு நேரா சொல்லியிருக்கலாம்ல? "யாருக்காக முடிவு சொல்றியோ அவங்க மொத்தப் பேரும்தான் உன்னோட யூனிவர்ஸ், ஏறினவங்களும் ஏற முடியாதவங்களும்"னு ஒரு வரி! ஒரே ஒரு வரி சொன்னா கொறஞ்சா போயிடுவாரு? அவ்ளோ கனைச்சும் தொண்டையிலேயே நின்னுடுச்சா அது?

ஏய், வருது! அடுத்தது வருதுக்கா! அக்கா... அக்கா, எங்க ஓடுறீங்க? ஸ்டாப்பு இங்க இருக்கு! ஓ... அங்க வேகத்தடையா? அங்கதான் மெதுவா போவானா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன! இருங்க, நானும்... ஐயோ செருப்பு! யோவ், நிறுத்துய்யா!

ஏறிட்டாங்க. திரும்பிக்கூட பாக்கல. அக்கா! உள்ள தள்ளிப் போகச் சொல்லுங்க! கேட்டுப் பாருங்கக்கா, உள்ள உக்காந்திருக்கறவங்க எல்லாரும் வசதியாத்தான் இருக்குன்னு சொல்லுவாங்க!

...போயிடுச்சு.

அண்ணா, நீங்களும் அதுக்குத்தான் ஓடி வந்தீங்களா? மெதுவா வாங்க, ஓடி என்ன பண்ணப் போறீங்க. கையெல்லாம் காட்டாதீங்க, வேஸ்டு. உங்ககிட்ட பேனா இருக்கா? என்னுது எழுதல. குடுங்க, திருப்பித் தர்றேன். ஒரு சின்ன கேள்வி, அவ்ளோதான். யாரோ கனைச்சதுக்காக எல்லாம் கேக்கல, எனக்காத் தோணுச்சு.

சொல்லுங்க. இந்த ஸ்டாப்புல எவ்ளோ நாளா நிக்கிறீங்க?