காயீன் வழக்கில் சாட்சி

“காயீன் தம்பியைக் கொன்னப்ப நேர்ல பார்த்த சாட்சி யாருன்னு சர்ச்ல பிள்ளைங்களைக் கேட்டிருக்காரு, அக்கா.”

சிங்கப்பூரில், தேக்கா போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். எம்ஆர்டி ரயில் பாதைக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், பஸ் ஊர்ந்தது.

“யாரு, உன் வீட்டுக்காரரா? லா ஸ்கூல் டீனுக்கு சர்ச்ல என்ன வேலை?”

“டீன் ஆனப்புறம் கிளாஸே இல்லக்கா. மீட்டிங், கையெழுத்து, அவ்வளவுதான். பதினஞ்சு வருஷம் பாடம் நடத்துன மனுஷன். தாங்க முடியாம, ஃபாதர்கிட்ட கேட்டு ஞாயித்துக்கிழமை வேதபாட கிளாஸை வாங்கிக்கிட்டாரு.”

“பிள்ளைங்க என்ன சொல்லுச்சுங்க?”

“கடவுள் பார்த்தாருன்னு ஒரு பொண்ணு சொல்லியிருக்கு. ‘தீர்ப்பு சொன்னவரே சாட்சியும் சொல்லலாமா?’ன்னு இவர் மடக்கியிருக்காரு. பிள்ளைங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு ஒரே சத்தமாம். அன்னிக்குத்தான் மனுஷன் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தாரு.”

“ஃபாதர் ஒண்ணும் சொல்லலையா?”

“ரொம்பத் திறமைசாலின்னு பாராட்டினாரு. கிளாஸை வேற ஆளுக்குக் கொடுத்துட்டு, இவரை சர்ச் கமிட்டிக்குச் சேர்மன் ஆக்கிட்டாரு.”