ஊசி எந்தப் பையில்?

திருத்தணியில் கிளம்பிய காலை ரயிலில், எதிரே இருந்த அம்மாள் கணவரிடம் கேட்டார்: “ஊசிய மடியில மறச்சிகினு போயிடட்டுங்களா?”

மகளின் பிரசவத்துக்காக அம்மாள் தனியாக மஸ்கட்டுக்கு விமானம் ஏறப் போகிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

“ஏன் மறைக்கணும்? பெட்டியில வெய்யி.”

“பெட்டிய ஏர்போர்ட்லயே வாங்கிக்குவாங்களாம். சர்க்கரைக்கு வேளைக்குப் போட்டுக்க வேணாமா?”

“அப்ப கைப்பையில வெய்யி. போலீஸ் கேட்டா டாக்டர் சீட்டக் காட்டு.”

“ஆங், காட்டறேன். யாரு போடுவா? தெனம் நீங்கதானே போட்டுகினு இருக்கீங்க?”

இருவருமே அதை யோசித்திருக்கவில்லை.

அரக்கோணத்தில் ரயில் நின்றபோது, கணவர் சொல்லச் சொல்ல, அம்மாள் காலை மருந்தை ஊசியில் ஏற்றி, இடது கையில் தானே குத்திக்கொண்டார்.

“போட்டாச்சி, கண்ணத் தொறங்க,” என்றார் கணவரிடம்.