உலர்ந்த தலையிடம் கேட்டவள்

சீமைக்கருவேலம் இந்தக் கரிசலுக்கு வந்து சேராத காலம். உடைகுளம், உடைகுளம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் வெயிலுகந்தாள் என்று ஒருத்தி இருந்தாளாம். நாங்கள் அவள் வயிற்று வழி.

அவளுக்குக் கூடப்பிறந்தவன் தவசி ஒருவன்தான். மடை திறக்கிற சண்டையில் இருளாண்டி என்பவன் அவனை வெட்டிப்போட்டான். மடைத் தண்ணீர் சிவந்து வயல் வரைக்கும் போனதாம். வெயிலுகந்தாள் தலைமயிரை அவிழ்த்துப்போட்டுக்கொண்டு பாளையத்துக்கு நடந்தாள். அங்கே வழக்குத் தீர்க்கிறவர் பிரதானி. "அவன் உசுரு எனக்கு வேணும்" என்றாளாம். தந்தார். கழுவேற்றச் சொன்னார்.

குளத்தங்கரையில் கழுமரம் நட்டார்கள். முனை மழுங்கிய மரம். கூராக இருந்தால் சீக்கிரம் செத்துவிடுவானே. அடியில் ஏறிய மரம் தோள்பட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. தொடக் கூடாது. மீறினவர் அதே மரத்தில் ஏற வேண்டும். அதுதான் சட்டம்.

ஊரே வேடிக்கை பார்த்ததாம். வெயிலுகந்தாளும் பார்த்தாள். தம்பியைப் பறிகொடுத்த பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாளாம்.

பொழுது விழுந்தது. செத்தானா? சாகவில்லை. பொழுது விடிந்தது. செத்தானா? சாகவில்லை. காக்கை ஒரு கண்ணைக் கொத்திக்கொண்டு போனது. அப்போதும் சாகவில்லை. அவன் போட்ட சத்தம் நாய்ச் சத்தமாகி, பிறகு கதவு முனகுகிற சத்தமாகிவிட்டதாம்.

அவள் மறுபடி பாளையத்துக்கு நடந்தாள். உயிரைத்தானே கேட்டேன், இதைக் கேட்கவில்லையே என்று முறையிட்டாள். சட்டம் தன் நடையில்தான் நடக்கும் என்று சொல்லிப் பிரதானி வெற்றிலையை மடித்தாராம்.

திரும்பி வந்தவள் ஒரு குடம் தண்ணீரும் தவசியின் அருவாளும் எடுத்துக்கொண்டு போனாள். வழக்குக்காரி என்பதால் காவல்காரன் தடுக்கவில்லை. கரைமேட்டில் ஏறி நின்று குடத்தை இருளாண்டியின் தலையில் கவிழ்த்தாள்.

"போதுமாலே?" என்று கேட்டாள். தலை ஆடியது. அருவாளை ஓங்கினாள்.

காவல்காரன் சிரித்தானாம். "தண்ணி ஊத்துனா வெட்டப்போற ஆடுங்கூடத்தான் தலைய உதறித் துலுக்கும், தாயி. சம்மதம்னு எப்படிக் கண்ட?"

ஓங்கிய கை நின்றுவிட்டது. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். தலையைத் துடைத்தாள். காயட்டும் என்று வெயிலில் நின்றாள். காய்ந்த பிறகு கேட்டாள்.

"இருளாண்டி, நான் தவசியோட அக்கா. போதுமா?"

மிச்சமிருந்த ஒரு கண்ணால் அவளைப் பார்த்தானாம். பார்த்தபடியே தலையைத் தாழ்த்தினான். பிடரி வெட்டுக்கு வாகாக வந்தது. காவல்காரன், காக்கை விரட்டிவிட்டு வருகிறேன் என்று திரும்பி நடந்தான்.

ஒரே வெட்டு.

பிரதானி வந்தார். ஊர் கூடியது. இவளை ஏற்றுங்கள் என்றார்.

"ஏத்துங்க சாமி" என்றாளாம். "நான் போதும்னு தலையாட்டுனா வெட்டுறதுக்கு இந்த ஊர்ல ஆளிருக்கான்னு மட்டும் கேட்டுட்டு ஏத்துங்க."

இருளாண்டியைப் பெற்றவள் கூட்டத்திலிருந்து வந்தாள். கீழே கிடந்த அருவாளை எடுத்தாள். மகன் ரத்தத்தைத் தன் சேலையில் துடைத்தாள். வெயிலுகந்தாள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

ஏற்றினாலும் இவள் தலையாட்டியதும் அவள் வெட்டிவிடுவாள், கழுவேற்றிப் பயனில்லை என்று பிரதானிக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சட்டம் வெறுங்கையோடு ஊர் திரும்புமா? வெட்டிய கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டு போனதாம்.

அந்தக் கரையில் நிற்கிற ஒற்றைக்கை அம்மன் அவள்தான். அவளுக்குக் கோயில் கொடைத் திருவிழா நடக்கும்போது, மற்ற ஊர்களைப் போலத் தண்ணீர் தெளித்துக் கிடாய் துலுக்கியதும் அங்கே வெட்டிவிட மாட்டார்கள். இருளாண்டி வகையறா கிடாயைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வகையறாப் பெண் ஒருத்தி அதைத் துடைப்பாள். உலரவிடுவாள். பிறகு, தண்ணீர் இல்லாமல், "போதுமா?" என்று கேட்பாள். தலை அசையாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும்.

உடைகுளம் போனால் பாருங்கள். பல் போன கிடாய்கள் தெருவெல்லாம் படுத்துக் கிடக்கும்.